கப்பும் கோனும்: ஜவ்வாது மலைச்சரிவில் பழைய சைக்கிளின் வரலாறு

சைக்கிளின் வரலாறு பெரும்பாலும் அதைச் செய்த ஆலைகளின் வரலாறாகவும் அதை விற்ற நிறுவனங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது; விற்கப்பட்ட பிறகு அந்த வண்டி இரண்டு மூன்று தலைமுறைக் காலம், பல கைகள் மாறி, எப்படி ஓடிக்கொண்டே இருந்தது என்னும் கேள்வி அரிதாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் சைக்கிளை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வண்டி முதன்முதலில் பழைய வண்டியாகவே வாய்த்தது என்பதால், அதன் உண்மையான சமூக வரலாறு ஆலையின் வாயிலில் தொடங்குவதில்லை, பழுது பார்க்கும் கடையின் தரையிலேயே தொடங்குகிறது. அந்தக் கடையில் செய்யப்பட்ட வேலைகளுள் பஞ்சர் ஒட்டுவதைப் போல அன்றாடம் வராததும், வந்தால் வண்டியின் உயிரையே தொடுவதுமான ஒரு வேலை உண்டு: ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் முன்குழாய்க்குள் தேய்ந்துபோன கப்பையும் கோனையும் குண்டுகளையும் மாற்றுவது.

இந்த வேலையின் அருமையை அறிவதற்கு மலைச்சாலையைப் போல ஏற்ற இடம் வேறில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, பழைய வடஆற்காடு மாவட்டத்தின் நடுவே கிடந்து, 1989இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னும் 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பின்னும், இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்குப் பங்காகியிருக்கிறது. மலையின் மேல் மலையாளி என்னும் பழங்குடியினரின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன; சாமையும் புளியும் தேனும் அங்கிருந்து இறங்குகின்றன, உப்பும் துணியும் இரும்பும் கீழிருந்து ஏறுகின்றன. மலையைச் சுற்றிப் போளூர், செங்கம், திருப்பத்தூர், ஆலங்காயம், கண்ணமங்கலம் எனச் சமவெளி ஊர்கள் வளையமிட்டு நிற்க, அவற்றிலிருந்து புறப்படும் சாலைகள் வளைந்து வளைந்து ஏறி, மலையின் தலைமை ஊரான ஜமுனாமரத்தூரையும், தென்மேற்கே புதூர்நாட்டையும் தொடுகின்றன. மலைமேலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1968இல் 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியும், 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நிறுவப்பட்டபோது அவற்றின் கனமான உறுப்புகளெல்லாம் இத்தகைய சாலை வழியாகவே மேலேற வேண்டியிருந்தது.

சைக்கிளைப் பொறுத்தவரை இந்தச் சாலைகள் இரண்டு வேறு பொருள்கள் கொண்டவை. ஏறும்போது பற்சக்கர மாற்றம் இல்லாத கனமான வண்டி பெரும்பாலும் தள்ளிக்கொண்டு போக வேண்டிய பொருளாகி, சுமையைத் தாங்கும் ஊன்றுகோலாக மட்டுமே பயன்படுகிறது. இறங்கும்போதோ அதே வண்டி, ஏறியவரின் எடையும் கேரியரில் கட்டிய சுமையும் சேர்ந்து, முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. போளூர்ப் பக்கத்தில் மேட்டிலிருந்து சமவெளி வரை ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம் இருக்க, அந்த உயரத்தில் சேர்ந்த ஆற்றல் அனைத்தையும் பிரேக் கட்டைகளே தின்று தீர்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் எடை முன்னால் பாய்வதால், முன்சக்கரத்தை ஏந்தி நிற்கும் ஃபோர்க் என்னும் கவை பின்னோக்கி வளைந்து, தன் தலையிலுள்ள சிறு எஃகுக் குண்டுகளின் மேல் அந்தச் சுமையை இறக்குகிறது.

அந்த இடத்தின் அமைப்பைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். சைக்கிள் சட்டத்தின் முன்புறத்தில் ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும் குட்டையான குழாய் தலைக்குழாய் எனப்படும். ஃபோர்க்கின் தண்டு அதற்குள் கீழிருந்து நுழைந்து மேலே வெளிப்படுகிறது. தண்டு குழாயைத் தொடாமல் தனித்துச் சுழல வேண்டும் என்பதற்காக, குழாயின் இரு முனைகளிலும் கிண்ணம் போன்ற எஃகு வளையம் ஒவ்வொன்று இறுக்கமாக அடித்துப் பொருத்தப்படுகிறது. இதுவே கப். கீழ்க் கப்புக்கு எதிராக ஃபோர்க்கின் தோளில் அமர்ந்திருக்கும் வளையமும், மேல் கப்புக்கு எதிராகத் தண்டின் மரையில் திருகி இறக்கப்படும் வளையமும் கோன் என்று வழங்குகின்றன. கப்புக்கும் கோனுக்கும் இடையே வட்டமாக அடுக்கப்பட்ட குண்டுகள் உருள்கின்றன. மேல் கோனை இறுக்கினால் கீழ் வரிசையும் மேல் வரிசையும் ஒருசேர இறுகும். தளர்த்தினால் இரண்டும் தளரும். கோன் தானாகக் கழன்றுவிடாமல் அதன் மேல் ஒரு வாஷரும் லாக்நட்டும் பூட்டப்படுகின்றன. சுமையில் பெரும்பங்கைக் கீழ் வரிசையே தாங்குகிறது. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் தூசியும் முதலில் புகுவதும் அங்கேதான்.

இவ்வளவு எளிய இந்த ஏற்பாடு எளிதில் கைவந்ததன்று. 1817இல் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் காலால் உந்தி ஓட்டும் இருசக்கர வண்டியை உருவாக்கியபோது, முன்சக்கரத்தைத் திருப்ப முடிந்ததே அதன் பெருஞ்சிறப்பாக இருந்தது, ஏனெனில் திருப்ப முடியாத இருசக்கர வண்டியைச் சமநிலையில் வைத்திருக்க இயலாது; ஆயினும் அந்தத் திருப்பம் வெறும் முளையில் உராய்ந்தே நிகழ்ந்தது. 1870களில் வழங்கிய உயர்ந்த முன்சக்கர வண்டிகளிலும் கூம்பு முனைகள் எண்ணெயில் நேருக்கு நேர் தேய்ந்தே திரும்பின. இதற்கிடையே, பிரான்சில் ஜூல் சூரிரே என்னும் பாரிஸ் நகரக் கைவினைஞர் 1869இல் சக்கர அச்சுகளுக்குக் குண்டுத் தாங்கிகளைப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூர் ஓட்டிய வண்டியில் அத்தாங்கிகள் இருந்தன என்று சைக்கிள் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இங்கிலாந்தில் 1870களின் பிற்பகுதியில் பர்மிங்ஹாமின் வில்லியம் பௌன், வுல்வர்ஹாம்ப்டனின் டேனியல் ரட்ஜ் முதலியோர் தேய்மானத்துக்கேற்ப இறுக்கித் தளர்த்தக்கூடிய குண்டுத் தாங்கிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர்.

இந்த வரலாற்றில் பெரிதும் போற்றத்தக்க முன்னேற்றம் வண்டியில் நிகழவில்லை, குண்டில்தான் நிகழ்ந்தது. ஒரு வட்டத்தில் இருபது குண்டுகள் இருந்து அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிட மயிரிழை பெரிதாயிருந்தாலும், சுமையின் பெரும்பகுதி அந்த ஒன்றின் மேலேயே விழும். அது கப்பில் குழி பறிக்கும், அல்லது தானே உடையும். ஆகையால் குண்டு உருண்டையாக இருந்தால் மட்டும் போதாது, எல்லாக் குண்டுகளும் ஒரே அளவினதாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் 1883இல் பிரீட்ரிஷ் ஃபிஷர் உருவாக்கிய அரைக்கும் பொறி, கடினமாக்கப்பட்ட எஃகுக் குண்டுகளைப் பெருந்தொகையில் சம அளவாக அரைத்துத் தந்தபோதுதான் மலிவான குண்டுத் தாங்கி என்பது நடைமுறைக்கு வந்தது. ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி 1885இல் இன்றைய சைக்கிளின் வடிவத்தை நிலைநாட்ட, அடுத்த பத்தாண்டுகளில் தலைக்குழாய்க்குள்ளும் குண்டுகள் இடம்பிடித்தன. பழைய குண்டுகளோடு புதியவற்றைக் கலந்து போடக் கூடாது, மாற்றினால் வட்டம் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் சிறுவர்களுக்குக் கற்பிக்கப்பட்டுவந்த விதி, ஷ்வைன்ஃபுர்ட்டின் அரைக்கும் பொறி எந்தச் சிக்கலைத் தீர்த்ததோ அதே சிக்கலை மறுபடி நுழையவிடாமல் காக்கும் விதியேயாகும்.

அளவு ஒன்றுபடுதல் என்பது குண்டோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர்கள் கூடி மரைகளுக்குப் பொது அளவுகளை வகுத்ததன் விளைவாக, ஓர் அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 24 மரை என்பது ஃபோர்க்கின் பொது வழக்காயிற்று. நாட்டிங்ஹாமின் ராலே நிறுவனம் மட்டும் 26 மரை என்னும் தன் சொந்த அளவை விடாமல் வைத்திருந்தது. பிரிட்டிஷ் வண்டிகள் சென்னை மாகாணத்துக்குக் கப்பலில் வந்திறங்கியபோது இந்த அளவுகளும் அவற்றோடு வந்திறங்கின. தொடக்கத்தில் அவை அதிகாரிகள், பாதிரியார்கள், வசதி படைத்தவர்களின் வண்டிகளாயிருந்து, பின்னர் ஆசிரியர், தபால்காரர், கணக்கர், வணிகர் எனப் பரவின. 1930களில் ஜப்பானிய மலிவு வண்டிகளும் போட்டிக்கு வந்தன. உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிளுக்கு ஆண்டு வரி விதித்து உலோக வில்லை வழங்கியதும், இரவில் விளக்கில்லாமல் போனாலும் இருவர் ஏறிப் போனாலும் காவலர் பிடித்ததும் சைக்கிள் ஊரெங்கும் புழங்கும் பொருளாகிவிட்டதற்குச் சான்றுகள்.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, சென்னையை அடுத்த அம்பத்தூரிலிருந்து 1951இல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவரலாயின. அதே ஆண்டில் சோனிபட்டில் அட்லஸ், அடுத்த ஆண்டு ஆசன்சோலை ஒட்டி சென்-ராலே, 1956இல் லூதியானாவில் ஹீரோ என ஆலைகள் எழுந்தன. 1955இல் ஆவடியில் எஃகுக் குழாய் ஆலையும் வந்ததால் சட்டத்துக்கான குழாயும் உள்நாட்டிலேயே கிடைத்தது. இவற்றைவிட மலையடிவாரத்துக் கடைக்கு முக்கியமானது வேறொன்று: லூதியானாவின் சிறு பட்டறைகள் கப், கோன், அச்சு, குண்டு, லாக்நட் ஆகியவற்றைத் தனித்தனி உதிரிகளாகச் செய்து நாடெங்கும் அனுப்பத் தொடங்கியது. 1947இல் நிறுவப்பட்ட இந்தியத் தர நிறுவனம் சைக்கிள் உறுப்புகளுக்கு அளவுகளை வரையறுத்தபோது பிரிட்டிஷ் அளவுகளே பெரும்பாலும் அடிப்படையாயின. எனவே ஆசிரியர் ஒருவர் 1940களில் வாங்கிய பர்மிங்ஹாம் வண்டிக்கும், விவசாயக் கூலி ஒருவர் 1970களில் மூன்றாம் கையாக வாங்கிய அம்பத்தூர் வண்டிக்கும், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த கப் பொருந்தியது. இந்தப் பொருத்தத்தை வெறும் தொழில்நுட்பத் தகவலாகக் கடந்துபோவது சரியல்ல. பணமில்லாதவன் வண்டி வைத்திருக்க முடிந்ததற்கு ஆலைகளின் உற்பத்தித் திறனைவிட இதுவே பெரிய காரணம்.

குண்டுகளின் அளவு கடைகளில் நூல் கணக்கில் சொல்லப்பட்டது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தச்சரும் கொத்தரும் கொல்லரும் புழங்கிய அளவையே சைக்கிள் தொழிலும் எடுத்துக்கொண்டது. பின்சக்கரத்துக்கும் பெடல் அச்சுக்கும் இரண்டு நூல் குண்டு, முன்சக்கரத்துக்கு ஒன்றரை நூல் குண்டு, தலைக்குழாய்க்கு அதனினும் சிறியதான, அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஐந்து பங்குள்ள, அதாவது ஏறத்தாழ 4 மி.மீ. விட்டமுள்ள குண்டு என்பது பரவலான வழக்கம். மிகச் சிறிய குண்டு மிகக் கடுமையான இடத்தில் அமைந்தது ஏன் என்று கேட்கத் தோன்றும். குறுகிய இடத்தில் குண்டு சிறிதானால் எண்ணிக்கை கூடும், எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றின் பங்கும் குறையும் என்பதே விடை.

இருந்தும் அவை தேய்கின்றன; தேய்வதற்கான காரணம் சக்கரங்களில் உள்ளதினின்று வேறானது. சக்கரத்தின் குண்டுகள் இடைவிடாமல் சுற்றி வருவதால் தங்கள் பாதை முழுவதும் ஒரே சீராகத் தேய்கின்றன, கிரீஸையும் தங்களோடு இழுத்துச் செல்கின்றன. தலைக்குழாயின் குண்டுகளோ ஒருநாளும் முழுச்சுற்று உருள்வதில்லை. நேர்சாலையில் ஹேண்டில்பார் ஓரிரு பாகை மட்டுமே அசைகிறது, ஒவ்வொரு குண்டும் ஆண்டுக்கணக்கில் ஒரே புள்ளியிலேயே நிற்கிறது. பள்ளத்தில் விழும் அடியே கப்பில் குழி பறிக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் இதை மறுத்து, ஃபோர்க் ஓயாமல் நுட்பமாக வளைவதால் குண்டுகள் இருந்த இடத்திலேயே உராய்கின்றன என்றும், அந்த உராய்வில் கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிட எஃகும் எஃகும் பற்றிப் பெயர்ந்து குழியாகின்றன என்றும் விளக்கினார். பழைய கீழ்க் கப்பைக் கழற்றும்போது காணப்படும் செம்பழுப்புத் தூள் இதற்குச் சான்று. மழைநீர்த் துருவைப் போல் தோன்றினாலும் அதில் பெயர்ந்த எஃகின் துகளும் கலந்திருக்கிறது. இறக்கம் மிகுந்த சாலையில் இந்த அசைவு ஓய்வதே இல்லை, ஏனெனில் பிரேக் பிடித்தபடியே இறங்கும் வண்டியில் ஃபோர்க் தொடர்ந்து வளைந்து நிமிர்ந்துகொண்டிருக்கும். கப்பிச் சாலையின் அதிர்ச்சியும் வடகிழக்குப் பருவமழைச் சேறும் அதோடு சேர்கின்றன.

குழி விழுந்த வண்டியை அடையாளம் காண்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால், அது நடுவில் வந்ததும் ஏதோ ஒரு பள்ளத்தில் இறங்கியதைப் போலத் தங்கி நிற்கும். அதை விட்டு வெளியே வரச் சிறிது வலுக் கொடுக்க வேண்டும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது தலைக்குழாயில் டக்கென்ற ஒலி எழுந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. முதலாவது குறையோடு ஓடும் வண்டி நேர்க்கோட்டில் செல்லாமல் பாம்பு போல் நெளியும், ஏனெனில் ஓட்டுபவர் தம்மையறியாமல் செய்யும் சின்னஞ்சிறு திருத்தங்களை அந்தக் குழி மறுக்கிறது; இரண்டாவது குறையோடு இறங்கும் வண்டி பிரேக் பிடிக்கும்தோறும் அதிரும், நாளடைவில் ஃபோர்க்கின் தண்டே விரிசல் கண்டு முறியக்கூடும். கொண்டை ஊசி வளைவில் இவ்விரண்டுமே உயிர்க்கேடானவை. பழைய வண்டி வாங்குபவர் வண்ணத்தையும் டயரையும் பார்ப்பதற்கு முன்னால் முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது இதனால்தான். விலை பேசுவதில் இந்தச் சோதனைக்கு உரிய இடமும் இருந்தது.

மாற்றும் வேலையில் முதற்படி ஹேண்டில்பாரைக் கழற்றுவது. அதன் தண்டுக்குள் செல்லும் நீண்ட போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், அடியிலுள்ள ஆப்பு பிடி விடும். கம்பிக் கோல்களால் இயங்கும் பழைய பிரேக் உள்ள வண்டியில் அந்தக் கோல்களையும் பிரித்தாக வேண்டும். பிறகு லாக்நட், வாஷர், மேல் கோன் என்று வரிசையாகத் திருகி எடுக்க, ஃபோர்க் தன் எடையாலேயே கீழே இறங்கும். அந்நேரம் குண்டுகள் உதிர்ந்து உருண்டோடாதபடி அடியில் துணியோ தட்டோ விரிப்பது வழக்கம். உதிர்ந்தவற்றை எண்ணி வைப்பதும் மரபு, ஆனால் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது, ஏனெனில் முந்தைய பழுதின்போதே சில குண்டுகள் தவறியிருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த பின் கப்பின் வளைவில் விரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். நகம் தடுக்காவிட்டால் குண்டும் கிரீஸும் மாற்றினால் போதும். தடுக்கினால் கப்பும் கோனும் மாற வேண்டும்.

கப்பை வெளியேற்றுவதற்குக் குழாயின் மறுமுனையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை நுழைத்து, கப்பின் உள்விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் கப் சாய்ந்து குழாயின் வாயை நீள்வட்டமாக விரித்துவிடும் என்பதால், எதிரெதிர் இடங்களில் மாறி மாறித் தட்டுவது இன்றியமையாதது. புதிய கப்பை ஏற்றும்போது இந்தக் கவனம் இரு மடங்காகிறது. பெரிய ஆலைகளில் இதற்குத் திருகு அழுத்திகள் உண்டு. சிற்றூர்க் கடையில் தட்டையான மரக்கட்டையும் சுத்தியலும் தொழிலாளியின் காதும் மட்டுமே உண்டு. கப் விளிம்புவரை நேராக அமர்ந்ததும் அடியின் ஓசை கனத்து ஒலிக்கும். அந்த ஓசை மாற்றமே வேலை முடிந்ததற்கு அடையாளம். ஃபோர்க்கின் தோளிலுள்ள கோனை மெல்லிய உளி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கிளப்பிவிட்டு, புதியதைத் தண்டின் மேல் சரியாக நுழையும் பழைய குழாய்த் துண்டொன்றால் அடித்து இறக்குவார்கள். பழைய வண்டியில் குழாயின் வாய் ஏற்கெனவே விரிந்திருந்து, புதிய கப் இறுகாமல் ஆடினால், மெல்லிய தகட்டைச் சுற்றிச் செருகுவது உண்டு. அது நெடுநாள் நிற்கும் மருந்தல்ல என்பதைத் தொழிலாளி அறிவார், வேறு சட்டம் வாங்க உரிமையாளரிடம் பணமில்லை என்பதையும் அறிவார்.

குண்டுகளை அடுக்குவது இந்த வேலையின் மிக நுட்பமான பகுதி. கப்பில் கிரீஸைத் தடிப்பாகப் பூசினால் அதில் ஒட்டிக்கொண்டு குண்டுகள் விழாமல் நிற்கும். வட்டம் முழுவதும் நெருக்கி அடைத்தால் அடுத்தடுத்த குண்டுகள் ஒன்றையொன்று தேய்க்கும். ஆகவே நிறைந்த வட்டத்துக்கு ஒரு குண்டு குறைவாகப் போடுவதே விதி. குண்டுகளின் நடுவழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் 33 மி.மீ. என்று கொண்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 104 மி.மீ. ஆகிறது, 4 மி.மீ. குண்டுகள் அதில் 26 அடங்கும், 25 போட வேண்டும். இந்தக் கணக்கை எழுதிப் பார்க்காமலேயே, கடைசிக் குண்டுக்கு இடம் இருக்கும்போதே நிறுத்திவிடும் பழக்கத்தால் தொழிலாளர் சரியான எண்ணை எட்டினார்கள். இறுதியில் மேல் கோனைக் கையால் இறுகும்வரை திருகி, சிறிது பின்வாங்கி, லாக்நட்டைப் பூட்டிய பின் மறுபடி சோதிக்கிறார்கள். லாக்நட் இறுகும்போது கோனையும் சிறிது அழுத்திவிடுவதால், முதல் முறையிலேயே சரியாக அமைவது அரிது. ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது என்னும் அந்தக் குறுகிய இடைவெளியைக் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிய கப்பை வாங்க முடியாத இடத்தில் வேறு வழிகளும் கையாளப்பட்டன. இவற்றில்தான் பழுது பார்ப்போரின் அறிவு நன்கு வெளிப்படுகிறது. குழிகள் வண்டி நேராகச் செல்லும் நிலைக்குரிய இடங்களில் மட்டுமே விழுகின்றன என்பதால், கப்பைச் சற்றுத் திருப்பி மறுபடி அடித்து இறக்கினால் அதன் குழிகளும் கோனின் குழிகளும் ஒரே நேரத்தில் குண்டுகளுக்கு எதிரே வராமல் விலகும். நடுவில் பிடிக்கும் குறை பெருமளவு மறையும். தகட்டுக் கூட்டுக்குள் குண்டுகள் பதிந்து வரும் வண்டிகளில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். கூட்டை நீக்கிவிட்டு உதிரிக் குண்டுகளை விதிப்படி நிரப்பினால், குண்டுகளின் இடைவெளி மாறி, பழைய குழிகளோடு அவை பொருந்தாமல் போகும், ஒவ்வொரு குண்டின் சுமையும் குறையும். ஆர்ச்சிபால்ட் ஷார்ப் 1896இல் லண்டனில் வெளியிட்ட சைக்கிள் பொறியியல் நூல் காலந்தொட்டு ஏடுகளில் ஆராயப்பட்டுவந்த சுமைப் பங்கீட்டை, எழுத்தின் துணையில்லாமல் கைப்பழக்கத்தாலேயே கையாண்ட அறிவு இது. இதைக் கைத்திறன் என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டு, அறிவு என்னும் மதிப்பை ஆலைகளுக்கே ஒதுக்கும் வழக்கம் தமிழ்த் தொழில் வரலாற்றெழுத்தில் கைவிடப்பட வேண்டியது.

இந்த அறிவு கைமாறிய இடம் வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கில் சைக்கிளை வாடகைக்கு விட்ட அக்கடைகளில் வண்டிகளுக்கு ஓய்வென்பதே கிடையாது. ஓட்டத் தெரியாத சிறுவர்கள் குரங்கு பெடல் போட்டுப் பழகியதும், வயலுக்குப் போனவர்கள் மூட்டை கட்டியதும் அவற்றில்தான். ஆகவே கடைக்காரர் தம் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கழுவிக் கிரீஸ் வைத்துப் பூட்டும் ஓவராயிலிங் என்னும் முழுப் பராமரிப்பை இடைவிடாமல் செய்யவேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த சிறுவன் முதலில் காற்றடிக்கவும், பிறகு பஞ்சர் ஒட்டவும், அடுத்துச் சக்கரக் கோட்டம் எடுக்கவும் கற்று, கப் இறக்கும் வேலைக்குக் கடைசியாகவே வந்து சேர்ந்தான். கப் இறக்கத் தெரிந்தவன் தனிக்கடை வைக்கலாம். தேய்ந்த வாடகை வண்டிகள் ஒரு கட்டத்தில் விற்கப்பட, பழைய சைக்கிள் சந்தைக்கு அவையும் ஓர் ஊற்றாயின.

1980களுக்குப் பின் பேருந்துகள் பெருகி, பின்னர் மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் எளிதாகக் கிடைத்தபோது வாடகைக் கடைகள் மறையத் தொடங்கின. பழைய சைக்கிளின் வரலாறு அத்தோடு முடிந்திருக்கும் நிலையில், அரசின் கொள்கையொன்று அதை நீட்டித்தது. தமிழ்நாடு அரசு 2001–02 கல்வியாண்டில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005–06இல் அத்திட்டத்தை அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் பிற மாணவ மாணவியருக்கும் விரித்தது. பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் இயங்கும் ஜவ்வாது மலையில் இத்திட்டத்தின் பொருள் சமவெளியிலிருந்து சிறிது வேறுபட்டது: செங்குத்தான பாதைகளில் அன்றாடம் பள்ளிக்கு ஓட்டிச்செல்வது எல்லா ஊருக்கும் இயலாது என்றாலும், மேட்டுநிலத்தின் சமமான பகுதிகளில் ஊருக்கு ஊர் செல்வதற்கும், தண்ணீர்க் குடமும் தீவனமும் ஏற்றுவதற்கும் குடும்பம் முழுவதும் பயன்படுத்தக்கூடிய வண்டி அது. படிப்பு முடிந்ததும் தம்பிக்கோ தகப்பனுக்கோ கைமாறி, அல்லது சில நூறு ரூபாய்க்கு விற்கப்பட்டு, இவ்வண்டிகள் மலிவான பழைய சைக்கிளின் புதிய தலைமுறையாயின.

இந்தத் தலைமுறையின் உடற்கூறு முந்தையதைப் போலவே இருப்பது கவனத்துக்குரியது. மரை கொண்ட தண்டு, அடித்து இறக்கும் கப், உதிரியாகவோ கூட்டுக்குள்ளோ உள்ள குண்டுகள் என்னும் நூற்றாண்டுப் பழைய ஏற்பாடே அவற்றிலும் நீடிக்கிறது. தகடு அழுத்திச் செய்த மெல்லிய கப்புகள் பழைய கனமான கப்புகளைவிட விரைவாகக் குழி விழுந்தாலும், அவற்றைக் கழற்றிவிட்டு வேறு போட முடிகிறது. விலையுயர்ந்த வண்டிகளில் 1990களிலிருந்து பரவிய மரையில்லாத் தண்டும், மூடிய பெட்டித் தாங்கிகளும் சேறு புகாதவை, நெடுநாள் உழைப்பவை. ஆனால் அவை தேய்ந்தபின் அதே அளவுள்ள பெட்டியைத் தேடிப் பிடித்தால்தான் வண்டி மறுபடி ஓடும். சிறுவர் விரும்பும் தடித்த டயர் வண்டிகளில் ஓர் அங்குலத் தண்டோடு ஓர் அங்குலம் ஒரு நூல் தண்டும் புழக்கத்துக்கு வந்துவிட்டதால், ஒரே பெட்டிக் கப் எல்லா வண்டிக்கும் பொருந்திய காலம் குலைந்து, உதிரிக் கடைகள் இரண்டு மூன்று அளவுகளை வாங்கி அடுக்கவேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது. ஆகவே ஆலங்காயத்திலோ போளூரிலோ நடுவில் பிடிக்கும் பழைய வண்டி ஒன்று பழுதுக்கு வந்தால், தொழிலாளி சுத்தியலை எடுக்கும் முன்பு செய்ய வேண்டியது, லாக்நட்டைக் கழற்றித் தண்டின் பருமனையும் மரையையும் அளந்து பார்ப்பது. ஓர் அங்குலமும் 24 மரையும் என்றால் கப்பும் கோனும் அன்றைக்கே கிடைத்துவிடும்.